இடப்பக்கம் காணாமல் போன கட்டம்

தலையில் துளை போட்டுக்கொண்டு வந்தவள் என்று இப்போது எங்கள் தெருவில் எனக்கு ஒரு பேர் உண்டு. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தொப்பி வாங்க வருவதில்லை, என் மண்டையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன். இனி யாராவது கேட்டால் இதைப் படித்துக்கொள்ளட்டும், நானும் வியாபாரத்தைப் பார்ப்பேன்.

நான் கஸ்தூரி. மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தொப்பி, கூலிங் கிளாஸ், சங்கு மாலை விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள் நித்யா, கல்யாணமாகிக் கூடுவாஞ்சேரியில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மதிய வெயிலில் எங்கள் கடைப் பக்கம் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. அந்த நேரத்துக்குத்தான் எனக்குச் சுடோகு. ஒன்பதுக்கு ஒன்பது கட்டம், ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா எண்ணும் ஒரே ஒருமுறை வரவேண்டும். பைத்தியம் பிடிக்க அது போதும்.

அப்படிப் பைத்தியம் பிடித்தவர்கள் செல்போனில் ஒரு குழுவாக இருக்கிறோம். நடத்துகிறவர் கும்பகோணத்துத் தேவராஜன் சார். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது கிடையாது. காலையில் அவர் ஒரு கட்டம் போடுவார். ஆளுக்கு ஓர் எண்தான் நிரப்பலாம். நிரப்பும்போது 'ஏன்னா' என்று ஆரம்பித்துக் காரணம் சொல்ல வேண்டும். "இங்க ஏழு வரும், ஏன்னா மத்த எட்டு எண்ணும் இந்த வரிசையில வந்தாச்சு" என்கிற மாதிரி. காரணம் இல்லாத எண் சரியாகவே இருந்தாலும் செல்லாது. குருட்டாம்போக்கில் போட்டு மாட்டிக்கொண்டவர் அபராதமாக ஒரு பாட்டுப் பாடி அனுப்ப வேண்டும். நான் ஒருமுறைகூடப் பாடியதில்லை. அந்தக் கர்வம் எனக்கு எக்கச்சக்கம்.

வீட்டிலும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. "இன்னிக்கு மீனு வாணாமே" என்பார் இவர். "ஏன்னா?" என்பேன். பாவம், பதில் யோசிப்பதற்குப் பதிலாக மீனையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

ஒருநாள் கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். குனியாமல் நுழைந்து நங்கென்று தலையில் இடித்துக்கொண்டேன். கொஞ்சம் எண்ணெய் தேய்த்தேன், ஷட்டரை நாலு வார்த்தை திட்டினேன், அத்தோடு மறந்தும் போனேன். எனக்கு இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை உண்டு. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தலையில் லேசாக அடிபட்டாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். எனக்கு அப்போது தெரியாது, நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்.

சில வாரங்கள் கழித்துத் தலைவலி வந்தது. வெயில் என்று நினைத்தேன். வீட்டு நிலைப்படியில் இடது தோள் இடித்துக்கொண்டே இருந்தது, கட்டின கொத்தனாரைத் திட்டினேன். "கஸ்தூரி, தலைய ஒரு பக்கந்தான் வாரிகினு கீற" என்று இவர் மெல்லச் சொன்னார். "உனக்குக் கண்ணு அவிஞ்சிப் போச்சா?" என்று நான் எகிறியதும் வாயை மூடிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் பேப்பரில் வந்த ஒரு கட்டத்தை முடித்து, படம் பிடித்து, குழுவில் போட்டேன். "முடிச்சாச்சு. முடிஞ்சா தப்பு கண்டுபிடிங்க!" என்று சவால் வேறு. நான் அனுப்பிய படத்தில் வலப்பக்கம் மட்டும்தான் நிரம்பியிருந்தது. இடப்பக்கத்து நாலு வரிசையும் மேலிருந்து கீழே வரைக்கும் நான் தொடாமல் காலியாகக் கிடந்தன. எனக்கு அது தெரியவில்லை. என் கண்ணுக்குக் கட்டம் முழுசாக முடிந்திருந்தது.

வேறு மனிதர்களாக இருந்தால், "என்னம்மா பாதியில விட்டுட்டே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். எங்கள் ஆட்கள் கேட்பார்களா? கஸ்தூரி அக்கா காரணம் இல்லாமல் ஒரு கட்டத்தைக்கூட விடமாட்டாளே, அப்படியென்றால் இது புது வகைப் புதிர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நாள் முழுக்க ஆராய்ச்சி நடந்தது. வலப்பக்க எண்களை ஒருவர் கூட்டிப் பார்த்தார், ஒருவர் பெருக்கிப் பார்த்தார். தேவராஜன் சார் பக்கம் பக்கமாக எழுதி ஒரு நிரூபணமே கொடுத்தார். மறுநாள் இன்னொரு கட்டத்தை அதே கோலத்தில் அனுப்பினேன். "இரண்டாவது தடயம் வந்துவிட்டது!" என்று ஒரே கொண்டாட்டம். முடித்த கட்டத்தில் இவர்களுக்கு என்ன ஆராய்ச்சி என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் நம் பெருமையைத்தானே பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அதற்கடுத்து நான் அனுப்பிய படத்தின் ஓரத்தில் என் நாஸ்தா தட்டும் விழுந்திருந்தது. அதைக் கவனித்தவள் நாகூர் ஜமீலா. வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள், தைத்துக்கொண்டே கட்டம் போடுவாள். குழுவில் ஒரே வரி எழுதினாள்: "கட்டத்தை விடுங்க, தட்டைப் பாருங்க." தட்டில் வலப்பக்கம் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. இடப்பக்கத்தில் ஓர் இட்லியும் சட்னியும் கை படாமல் அப்படியே இருந்தன.

நான் முதலில் குழுவில் சேர்ந்தது இவருடைய நம்பரில். அந்த நம்பர் ஜமீலாவிடம் இருந்தது. அவள் கூப்பிட்டபோது இவர் சவாரியோடு திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். ஓரமாக நிறுத்திப் பேசினாராம்.

"அண்ணே, அக்கா இடது பக்கம் பார்க்கிறாங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"நானும் பாத்துகினுதான் கீறேன் தங்கச்சி. சொன்னா கடிக்க வர்றா. எனக்கு பயமா கீது" என்று இவர் ரோட்டோரத்திலேயே அழுதிருக்கிறார். சவாரிக்காரர்கள் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று மதியமே கடைக்கு வந்து, "நித்யா செங்கல்பட்டுக்கு வருதாம், ஒன்னியும் இட்டுனு வரச் சொல்லிச்சி" என்று பொய் சொல்லி என்னை ஆட்டோவில் ஏற்றினார். முப்பது வருஷத்துக்கும் மேலாகக் குடும்பம் நடத்துகிறோம், அவர் என்னிடம் ஒழுங்காகச் சொன்ன முதல் பொய் அதுதான். செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றபோது நான் போட்ட கூச்சலில் வாட்ச்மேனே ஓடி வந்தார். நித்யா நிஜமாகவே ரயிலில் வந்து வாசலில் காத்திருந்தாள்.

சீட்டு, வரிசை, பெஞ்சு, மறுபடி வரிசை. ஆஸ்பத்திரியில் பாதி வைத்தியம் பொறுமைதான். தலையை ஒரு பெரிய வளையத்துக்குள் விட்டு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அது உடம்பைக் கிழிக்காமல் உள்ளே இருப்பதைத் துண்டு துண்டாகப் படம் பிடிக்கும் மெஷின். வலிக்காது. அசையாமல் படுத்திருக்க வேண்டும், பேசக் கூடாது. எனக்கு அந்தப் பேசாமல் இருப்பதுதான் பெரிய கஷ்டம்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். படத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னார். "தேங்காய் ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவுல தண்ணி புகுந்த மாதிரி, உங்க மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல ரத்தம் கசிஞ்சு தேங்கியிருக்கு. என்னைக்கோ பட்ட அடி. கொஞ்சங் கொஞ்சமா சேர்ந்து மூளையோட வலப்பக்கத்தை அழுத்துது. வலப்பக்க மூளைதான் இடப்பக்கத்தைக் கவனிச்சுக்கும். உங்க கண்ணு நல்லா இருக்கும்மா. ஆனா இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதையே மூளை மறந்துடுச்சு."

"சரியாவுமா?" என்று நித்யா கேட்டாள்.

"ரெண்டு சின்னத் துளை போட்டு வடிச்சா பெரும்பாலும் சரியாகிடும். விட்டுட்டா அழுத்தம் ஏறும். நினைவு தப்பலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்."

நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். யாரோ ஒரு பாவப்பட்ட பொம்பளையைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. "எனக்கு ஒண்ணியும் இல்ல டாக்டர்" என்றேன். "ஏன்னா, கண்ணு தெரியுது, காது கேக்குது, நடக்குறேன், சுடோகு போடுறேன். இல்லாத ஒரு பக்கம் எனக்கு எப்படி இல்லாமப் போவும்?" டாக்டர் சிரிக்கவில்லை. இந்த நோயில் இதுவும் ஒரு பகுதியாம், இல்லாததை இல்லை என்று நோயாளிக்கே தெரியாதாம். தெளிவாகப் பேசுகிறவள் வேண்டாம் என்றால் எங்களால் கட்டாயப்படுத்த முடியாது, நீங்களே பேசிப் பாருங்கள் என்று நித்யாவைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கிறார்.

ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை நிறுத்தி, அதன் வேகம் குறையும்வரை ஆபரேஷனுக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் தலை நோயாளிகள் ஆணும் பெண்ணுமாக இருக்கும் வார்டில் படுக்கை போட்டார்கள். செலவைப் பற்றி நித்யா என்னிடம் மூச்சு விடவில்லை. காப்பீட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக அலைந்தது அவள்தான். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி செய்யூர்க்காரம்மா, அவித்த வேர்க்கடலை கொண்டுவந்து வார்டுக்கே கொடுப்பார். என் கதையைக் கேட்டுவிட்டு, "ஒரு பக்கம் தெரியலன்னா நல்லதுதானம்மா. மாமியாரு வந்தா அந்தப் பக்கம் ஸ்டூலப் போடு" என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் சம்மதம் மட்டும் கொடுக்கவில்லை.

எனக்கு இன்னொரு கோபமும் இருந்தது. இவரைக் காணோம். ஆஸ்பத்திரியில் தள்ளிவிட்டு மனுஷன் சவாரிக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். அவ்வப்போது குரல் கேட்கும், நித்யாவின் போனிலிருந்து பேசுகிறார் என்று எடுத்துக்கொள்வேன். "அப்பா இங்கதாம்மா இருக்காரு" என்பாள் அவள். அப்பாவுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று அவளையும் சேர்த்துத் திட்டுவேன். குழுவில் ஒரு குரல் பதிவுகூடப் போட்டேன். "எங்க வூட்டுக்காரரு எட்டிக்கூடப் பாக்கல. நல்லா இருக்கட்டும்."

மறுநாள் காலையில் ஆபரேஷனுக்கு நேரம் கிடைத்திருந்தது. சாயந்திரத்துக்குள் நான் சரி என்று சொல்ல வேண்டும். நானோ நித்யாவைப் பையைக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன், வீட்டுக்குப் போக. அவள் அழுதாள், கெஞ்சினாள், காலைப் பிடித்தாள். கடைசியில் வராந்தாவுக்குப் போய் என் போனிலிருந்து ஜமீலாவைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"கெஞ்சினா அக்கா கேக்க மாட்டாங்கம்மா. காரணம் காட்டினாத்தான் கேப்பாங்க. கொஞ்சம் இரு, சாரையும் சேர்க்குறேன்" என்றாளாம் ஜமீலா.

கொஞ்ச நேரத்தில் போன் என் மடியில் இருந்தது, ஸ்பீக்கரில் தேவராஜன் சாரும் ஜமீலாவும். அவர்கள் குரலை நேரடியாகக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

"கஸ்தூரி, ஒரு சின்ன வேலை" என்றார் சார். "நீங்க முடிச்ச கட்டம் ஒண்ணு கையில இருக்கா?"

பையில் இருந்த பேப்பரை நித்யா எடுத்துக் கொடுத்தாள்.

"எல்லாம் நிரம்பியிருக்கா?"

"நிரம்பித்தான் கீது சார்."

"நல்லது. இப்ப அந்தத் தாளை அப்படியே தலைகீழாத் திருப்புங்க."

திருப்பினேன். என் எழுத்தைக் காணோம். அச்சடித்த எண்கள் சில தலைகீழாக நின்றன, மற்றதெல்லாம் வெறும் கட்டம்.

"யாருடி என் பேப்பர மாத்தினது?" என்று நித்யாவிடம் பாய்ந்தேன்.

"யாரும் தொடலக்கா. மறுபடி பழையபடி திருப்புங்க" என்றாள் ஜமீலா.

திருப்பினேன். என் எழுத்து வந்துவிட்டது. எனக்கு வேர்த்தது. திரும்பத் திரும்பத் திருப்பிப் பார்த்தேன். ஒருமுறை முழுக்க நிரம்பியிருந்தது, மறுமுறை ஒன்றுமே இல்லை. வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த செய்யூர்க்காரம்மா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க சொல்ல மாட்டோம்க்கா. நீங்களே காரணம் சொல்லுங்க" என்றாள் ஜமீலா.

எனக்குச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. கட்டத்தின் முன்னால் என்னால் பொய் சொல்ல முடியாது.

"மை தானா அழிஞ்சி தானா வராது" என்றேன். "அப்போ நான் எழுதினது தாள்லயேதான் கீது, நான் பாக்காத எடத்துல கீது. கோளாறு தாள்ல இருந்தா, தாளைத் திருப்பும்போது அதுவும் கூடவே திரும்பணும். திரும்பல. எப்டித் திருப்பினாலும் அதே பக்கந்தான் காணாமப் போவுது. திரும்பாம ஒரே எடத்துல கீறது நான் மட்டுந்தான். அப்போ..."

பேப்பரை மடியில் வைத்தேன்.

"அப்போ கோளாறு என் தலைல கீது" என்றேன்.

"சரியான விடை கஸ்தூரி" என்றார் தேவராஜன் சார். அவர் குரல் உடைந்திருந்தது.

அதுவரை எனக்குப் பயமே இருந்ததில்லை. அந்த நிமிஷத்தில் மொத்தமாக வந்து இறங்கியது. பாதி உலகத்தைத் தொலைத்துவிட்டு அது தெரியாமல் கடை நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். "நித்யா, உங்கப்பாவ வரச் சொல்லுடி. எனக்கு அந்த மனுஷன் வேணும்" என்று ஓவென்று அழுதேன்.

நித்யா என் தாடையைப் பிடித்து, தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினாள். திருப்பிக்கொண்டே போனாள். அங்கே ஸ்டூலில் இவர் உட்கார்ந்திருந்தார். தாடி முளைத்து, கண் சிவந்து, என் இடது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இடப்பக்கமாக உட்கார்ந்து கையைப் பிடித்துப் பேசிக்கொண்டே இருங்கள், கவனம் திரும்ப அது உதவும் என்று நர்ஸ் சொன்னாராம். சேர்த்த நாளிலிருந்து மனுஷன் அந்த ஸ்டூலை விடவில்லை. நான் திட்டின திட்டையெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

"எங்கியும் போவல கஸ்தூரி. இங்கதான் குந்திகினு கீறேன்" என்றார்.

"இந்தப் பக்கம் வந்து உக்காருய்யா. எனக்கு நீ தெரியணும்" என்றேன். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் வந்தார். டாக்டரைக் கூப்பிட்டு, வடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

காலையில் தலையின் வலப்பக்கத்தை மழித்தார்கள். இத்தனை நாளில் நான் ஒழுங்காக வாரியிருந்தது அந்தப் பக்கத்தை மட்டும்தான், அதுவும் போச்சு. மயக்க ஊசி போட்டது தெரியும், கண் விழித்தது தெரியும், நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. தலையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கட்டிலுக்குக் கீழே ஒரு பைக்குப் போனது. மிச்சமிருக்கிற பழைய ரத்தம் அதில் வடியும்வரை எழுந்து உட்காரக் கூடாது என்றார்கள். தலைக்குள் யாரோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

குழுவில் அன்று பெரிய பஞ்சாயத்து நடந்திருக்கிறது. பாதிக் கட்டத்தைப் புதிர் என்று காரணமில்லாமல் ஊகித்த அத்தனை பேரும் குற்றவாளிகள், நிரூபணம் எழுதிய தாமே முதல் குற்றவாளி என்று தேவராஜன் சார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆளாளுக்கு அபராதப் பாட்டை அனுப்பினார்கள். நித்யா ஒவ்வொன்றாகப் போட்டாள். சாருடைய பாட்டைக் கேட்டதும் பக்கத்துப் படுக்கைக்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து, "யாருக்கு இன்னா ஆச்சி?" என்றார். சிரிக்கக் கூடாது, தையல் இழுக்கும் என்று நர்ஸ் அதட்டினார். அவரே சிரித்துக்கொண்டுதான் அதட்டினார்.

டாக்டர் தினமும் ஒரு கோடு போட்டு நடுவில் புள்ளி வைக்கச் சொல்வார், ஒரு கடிகாரம் வரையச் சொல்வார். முதலில் வரைந்த கடிகாரத்தில் எல்லா எண்களும் வலப்பக்கமே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பிறகு இரண்டு மூன்று எண்கள் மெல்ல நகர்ந்து இடப்பக்கம் குடி போயின. "வருது, அவசரப்படாதீங்க" என்றார் டாக்டர். குழுவில் தினமும் கடிகாரப் படத்தைக் கேட்டு அரித்தார்கள். இவர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. வலப்பக்கமே உட்கார்ந்து, கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

குழாயை எடுத்த பிறகு ஒருநாள், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து நானே இட்லி தின்றுகொண்டிருந்தேன். நித்யா டீ வாங்கப் போயிருந்தாள். இவர் ஸ்டூலிலிருந்து சத்தமில்லாமல் எழுந்தார். கட்டிலின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு போய், இடப்பக்கத்து ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, கையைத் தொடவில்லை.

நான் இட்லியைப் பிட்டுக்கொண்டே திரும்பி, "இன்னாத்துக்குயா அங்க போய்க் குந்தின? வெயிலு மூஞ்சில அடிக்குது பாரு. இந்தப் பக்கம் வா" என்றேன்.

அவர் எழுந்து வரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதார். எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது.

தட்டை வைத்துவிட்டு, கட்டிலோரமாக நகர்ந்து, என் இடது கையை நீட்டி அவர் கண்ணைத் துடைத்தேன். ஜன்னல் வெயில் இறங்கும்வரை அவர் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.